காலி டின் திரும்பி வரும் வழி: மதுரை மிக்சர் கம்பெனி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மொத்தம் 64 கேள்விகள். சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனம், தனக்குச் சரக்குப் போடுகிற எல்லோருக்கும் அதை அனுப்பியிருந்தது. மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, மாதம் எத்தனை கிலோ பிளாஸ்டிக் உங்கள் வாசலைத் தாண்டிப் போகிறது, அடுப்புக்கு என்ன எரிக்கிறீர்கள், வண்டிகள் எவ்வளவு தூரம் ஓடுகின்றன, கழிவை யார் எடுக்கிறார்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. 30 நாள் கெடு. கம்பெனி முதலாளி அண்ணாச்சி அதை அச்செடுத்து, கடலைமாவு ஒட்டிய கையோடு என்னிடம் நீட்டினார். "இது நமக்குத்தானா, இல்ல விலாசம் மாறி வந்திருச்சா?"

நான் அவருக்குக் கணக்கு எழுதுகிறவன். வில்லாபுரம் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் அந்தக் கம்பெனியில் காராச்சேவு, மிக்சர், ஓமப்பொடி, முறுக்கு, இவ்வளவுதான் சரக்கு. ஆள் 22 பேர், லைன் வண்டி மூன்று. விற்பனை இரண்டு வழியில் போகிறது. ஒன்று, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி போன்ற லைன்களில் உள்ள டீக்கடைகளும் பெட்டிக்கடைகளும். மற்றது அந்த சூப்பர் மார்க்கெட். கம்பெனியின் பெயரை எழுதக்கூடாது என்பது மட்டும் அண்ணாச்சியின் நிபந்தனை. நடந்த தப்புகளை எழுத அவர் தடை சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

கேள்வித்தாள் விலாசம் மாறி வரவில்லை. பங்குச் சந்தையில் மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றித் தனி அறிக்கை தர வேண்டும் என்று 2022-23 நிதியாண்டிலிருந்து, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியது. பெரிய நிறுவனம் ஒன்றின் புகைக் கணக்கைப் போடும்போது அதன் சொந்தக் கட்டடமும் வண்டியும் மட்டும் சேராது. அதற்குச் சரக்குப் போடுகிறவர்களின் அடுப்பு, லாரி, குப்பை எல்லாம் சேரும். 'ஸ்கோப் 3' என்று அதற்குப் பெயர், அதில் மட்டும் 15 வகை. ஆக, மதுரைச் சந்து ஒன்றில் எரியும் விறகு, சென்னைக் கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கையில் போய் உட்காருகிறது. இதை விளக்கியபோது அண்ணாச்சி கொஞ்சம் பெருமையாகக்கூட நிமிர்ந்தார். பிறகு, "அவுக கணக்குக்கு நம்ம எதுக்குச் செலவழிக்கணும்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. அதுவும் பாதிப் பதில்தான்.

சரக்கின் பின்னாலேயே நடந்தது

கேள்வித்தாளை ஒரு வாரம் மேஜையில் போட்டுவிட்டு, சரக்கு வந்து போகும் வழியை நானும் அண்ணாச்சியும் கூடவே போய்ப் பார்த்தோம். கணக்குப் புத்தகத்தில் வரவு, செலவு என்று இரண்டு பத்தியில் முடிகிற விஷயம், நேரில் பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது.

கடலைமாவும் அரிசி மாவும் கீழமாசி வீதி மொத்தக்கடையிலிருந்து சாக்கில் வருகின்றன. சாக்கு காலியானதும் மடித்துக் கட்டி அதே கடைக்குப் போகும், சாக்குக்கு இவ்வளவு என்று அடுத்த பில்லில் கழித்துவிடுவார்கள். அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான். இதற்கு யாரும் பசுமை என்று பெயர் வைக்கவில்லை. கேள்வித்தாளிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

எண்ணெய் 15 கிலோ டின்னில் வருகிறது, பெரும்பாலும் பாமாயில். அது இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைவது. காட்டை அழித்துத் தோப்பு போட்டார்களா, பழைய தோப்பா என்பது கீழமாசி வீதிக்காரருக்கே தெரியாது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மே 23 அன்றுதான் திரும்பத் திறந்தது. தன் சட்டிக்கும் சுமத்ராத் தோட்டத்துக்கும் இப்படி ஒரு முடிச்சு இருப்பது அந்த மூன்றரை வாரத்தில்தான் அண்ணாச்சிக்கு உறைத்ததாம். ஆனாலும் சரக்குச் சங்கிலியின் அந்தக் கண்ணியில் நம்மால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. மாதத்துக்கு இத்தனை டின் வாங்குகிற ஆள், தோட்டத்துக்காரனிடம் சான்றிதழ் கேட்க முடியாது. 'எங்கள் கை எட்டாது' என்றே கேள்வித்தாளில் எழுதினோம். எழுதியவற்றில் மிக நேர்மையான வரி அதுதான்.

கை எட்டுகிற இடங்கள் நான்கு: கவர், எண்ணெய்ச் சட்டி, அடுப்பு, வண்டி. நாங்கள் கையை வைத்தது கவரில். அங்கேதான் சுட்டுக்கொண்டோம்.

மக்கும் கவரில் மக்கிய சேவு

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும் பாக்கெட்டும் சரி, பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சின்னப் பாக்கெட்டும் சரி, உள்பக்கம் வெள்ளிபோல் மின்னும் பல அடுக்குக் கவர். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிய அந்த அடுக்குகளைப் பிரிக்க முடியாது என்பதால் பழைய சாமான் கடையில் அதை எடுப்பதில்லை. குப்பை பொறுக்குகிறவர்கள் அதைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. கண்மாய்க் கரையில் மற்ற பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்கப்பட்ட பிறகும் பளபளவென்று கிடப்பது அதுதான்.

அண்ணாச்சிக்கு முதலில் ஒரு சமாதானம் இருந்தது. "நம்ம தியாகராசர் காலேஜ் புரொபசர்தான பிளாஸ்டிக்ல ரோடு போட்டுக் காமிச்சாரு. எல்லாம் ரோட்டுக்குப் போயிரும்ல?" மதுரைக்காரர் யாரிடம் பிளாஸ்டிக் பற்றிப் பேசினாலும் பேச்சு இங்கே ஒருமுறை வந்து நிற்கும். தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. துண்டுதுண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சுடுகல்லில் தூவினால் அது உருகிக் கல்லின்மேல் தோலாகப் படியும், அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும். 2006இல் காப்புரிமை, 2018இல் பத்மஸ்ரீ. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கை யாராவது பொறுக்கி, பிரித்து, மண்ணில்லாமல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு சாக்கடையில் கிடக்கும் ஐந்து ரூபாய் மிக்சர் கவரை அப்படிக் கொண்டுவர ஆள் இல்லை.

சரி, கவரையே மாற்றிவிடுவோம் என்று இறங்கினோம். ஒரு வியாபாரி மக்கும் கவர் கொண்டுவந்து காட்டினார், சான்றிதழும் வைத்திருந்தார். இன்னொருவர் உள்ளே மெழுகு பூசிய காகிதப் பை கொடுத்தார். இரண்டிலும் ஒரு மாதச் சரக்கை அடைத்து லைனுக்கு அனுப்பினோம். அது ஐப்பசி மாதம்.

மழைக்காலத்து டீக்கடையில் கொதிக்கும் கெட்டிலுக்குப் பக்கத்தில் காகிதப் பை தொங்கினால் என்ன ஆகும் என்பதை எங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. நாலாம் நாள் சேவு நமுத்தது. வெயில் படும் கடைகளில் சிக்கு வாடை அடித்தது. பொரித்த பண்டத்துக்கு ஈரமும் காற்றும் வெளிச்சமும் எதிரி. அந்த வெள்ளிக் கவர் மூன்றையும் தடுக்கிறது, காகிதம் ஒன்றையும் முழுசாகத் தடுப்பதில்லை. ரிட்டர்ன் சரக்கை வைக்க இடமில்லாமல் மாடிப்படியில் அடுக்கினோம். கடைசியில் அது மாட்டுக்குப் போனது. மாடும் முதல் இரண்டு நாள்தான் ஆசையாகத் தின்றது.

அந்த மாதக் கணக்கை எழுதும்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. கவர் சில கிராம். அதற்குள் இருக்கிற சேவில் கடலையை விளைவித்த தண்ணீர், சுமத்ராவிலிருந்து கப்பலேறிய எண்ணெய், எரிந்த விறகு, வண்டியின் டீசல் எல்லாம் இருக்கிறது. சில கிராம் பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிக்கப் போய் அவ்வளவையும் மாட்டுத் தொட்டியில் கொட்டினோம். அந்த மக்கும் கவரும் சும்மா போட்டால் மக்குகிற சாதி இல்லை. அதற்கான தர அளவுகோல், சுமார் 58 டிகிரி சூட்டில் வைத்துப் பராமரிக்கிற பெரிய உரக்கிடங்கை மனதில் வைத்து எழுதியது. சாக்கடையில் கிடந்தால் அதுவும் மற்றக் கவர் மாதிரிதான் கிடக்கும். வியாபாரி பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நாள் கணக்கு

கம்பெனியில் ஆறு வருடமாக லைன் பார்க்கும் சேல்ஸ்மேன் தம்பி ஒருவர் உண்டு. ரிட்டர்ன் மூட்டையை இறக்கிக்கொண்டே, "அண்ணே, டீக்கடைல எவன் ஆறு மாசம் வச்சு விக்கிறான்? நம்ம சரக்கு நாலு நாள்ல காலியாயிரும். அதுக்கு எதுக்கு இம்புட்டுக் கவரு?" என்றார்.

மொத்த ஆய்வும் இந்த ஒரு வாக்கியத்தில் திரும்பியது. நாங்கள் 'எந்தக் கவர் நல்ல கவர்' என்று தேடிக்கொண்டிருந்தோம். கேட்க வேண்டியதோ, அந்தச் சரக்கு எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது. சூப்பர் மார்க்கெட் பாக்கெட் மாதக் கணக்கில் கிடங்கிலும் அலமாரியிலும் நிற்கும். அதற்குக் காற்றுப் புகாத கவர் வேண்டும், வேறு வழியில்லை. டீக்கடை மிக்சர் தட்டில் கொட்டி, பேப்பரில் மடித்து அன்றைக்கன்றே வாய்க்குப் போவது. அதற்கு நல்ல மூடி போட்ட டின் போதும். ஒரே அடுப்பில் பொரித்தாலும் இவை இரண்டு சங்கிலிகள், ஒரே கவரால் இரண்டையும் கட்டக் கூடாது.

ஒரு காலத்தில் எல்லாக் கம்பெனியும் டின்னில்தான் போட்டார்கள். டீக்கடை மேஜையில் கண்ணாடி பாட்டில், பின்னால் தகர டின். சரப் பாக்கெட் வந்த பிறகு டின் போய்விட்டது. காரணம் கேட்டால் சுத்தம் என்பார்கள். உண்மைக் காரணம் வேறு: பாக்கெட்டை விற்றால் விற்றதோடு சரி, திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

டின்

ஐந்து கிலோ பிடிக்கிற தகர டின் 300 செய்யச் சொன்னோம். ஒரு டின்னுக்கு 200 ரூபாய் முன்பணம், திருப்பித் தந்தால் பணம் வாபஸ். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லாத ஏற்பாடு.

செக்கானூரணியில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா முதல் நாளே பிடித்துக்கொண்டார். "உங்க சரக்க வித்துக் குடுக்குறது நானு. உங்க டப்பாவுக்கு அட்வான்சும் நான் கட்டணுமா? நல்லாருக்கே நாயம்!" அவர் சொன்னதில் தப்பில்லை. டீக்கடையில் காசு காலையில் பாலுக்கும் மாலையில் சீட்டுக்கும் போகிறது, 200 ரூபாயை ஒரு டப்பாவில் முடக்க ஆள் கிடையாது. பத்துக் கடைகளில் ஏழு முன்பணம் தர மறுத்தன. போட்டிக் கம்பெனிக்காரர் பாக்கெட்டைக் கடனுக்கே போட்டுவிட்டுப் போகிறார். முன்பணத்தை எடுத்தோம்.

எடுத்ததும் டின்கள் திரும்பி வருவது நின்றது. இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் காணவில்லை. காணவில்லை என்றால் தொலைந்தது என்று பொருளில்லை, எல்லாம் கண்ணெதிரே இருந்தன. ஒரு கடையில் சர்க்கரை போட்டிருந்தது. ஒன்றில் துளசிச் செடி. வாடிப்பட்டியில் ஒரு கடைக்காரர் அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தே சேல்ஸ்மேனிடம், "எந்த டின்னு?" என்று கேட்டாராம்.

இந்த ஊருக்கு இது புது விஷயமும் இல்லை. கோலி சோடாக்காரர் காலிப் பாட்டில் எண்ணாமல் நிறைப் பாட்டில் இறக்கியதில்லை. கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். காலியைக் கொடுத்தால்தான் நிறை. அண்ணாச்சி முன்பணத்தை மறந்துவிட்டு அந்த முறைக்கு வந்தார்: முதல் டின் இலவசம், இரண்டாவது டின் வேண்டுமென்றால் முதல் டின் காலியாகத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அந்த வாரம் சரக்கு இல்லை. சேல்ஸ்மேன்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்குக் கமிஷன் விற்பனையில், சரக்கு இறக்காமல் வந்தால் நஷ்டம் அவர்களுக்கு. அதனால் கமிஷனில் ஒரு பங்கைத் திரும்பி வரும் காலி டின்னுக்கு என்று மாற்றினோம். அதுவரை காலி டின்னைச் சுமையாகப் பார்த்த தம்பிகள் அடுத்த வாரமே பழைய டின்களைத் தேடிப் போனார்கள். துளசிச் செடிக்குப் பதில் மண்தொட்டி வாங்கிக் கொடுத்து ஒருவர் டின்னை மீட்டு வந்தார். அந்தத் தொட்டிக்கான பில்லையும் நான் பாஸ் செய்தேன்.

அடுத்த வில்லங்கம் கழுவுவதில் வந்தது. தகர டின்னின் அடிமூலையில் மடிப்பு இருக்கும். வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்தாலும் அந்த மடிப்பில் ஈரம் நிற்கும். அந்த ஈரம் போதும், அடியில் ஒரு கை உயரத்துக்குச் சேவு நமுத்துவிடும். ஆறு மாதத்தில் துருவும் வந்தது. தகரத்தை விட்டுவிட்டு எவர்சில்வருக்குப் போனோம். மூலை மழுங்கிய உருளை டப்பா, இறுக்கமான மூடி. விலை தகரத்தைப்போல் பல மடங்கு, காணாமல் போனால் வலியும் அதே மடங்கு.

இந்த இடத்தில் யோசனை சொன்னது பாத்திரக்கடைக்காரர். "பேர் வெட்டிக் குடுத்துர்றேன் அண்ணாச்சி." சீர்வரிசைப் பாத்திரத்தில் வெட்டுவதுபோல் கம்பெனிப் பெயரையும் ஒரு எண்ணையும் மூடியிலும் அடியிலும் வெட்டிக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு டப்பாகூட யார் வீட்டு அரிசிப் பானையாகவும் மாறவில்லை. அடுத்தவர் பேர் வெட்டிய பாத்திரத்தை வைத்துக்கொள்வது நம் ஊரில் கூச்சமான காரியம். 200 ரூபாய் முன்பணம் செய்யாததை ஒரு வரிப் பெயர் செய்தது. எண் இருந்ததால் எனக்கும் ஒரு வசதி: எந்த டப்பா எந்தக் கடையில் எத்தனை நாள் தங்குகிறது என்று ஒரு நோட்டில் ஓட்டிப் பார்க்க முடிந்தது. வேகமாக விற்கும் கடையும் தூங்குகிற கடையும் அதில் தெரிந்துவிடும். தூங்குகிற கடைக்குப் பாதி டப்பா மட்டும் போட ஆரம்பித்தோம். ரிட்டர்ன் சரக்கு குறைந்ததில் பெரும் பங்கு இந்த நோட்டுக்குத்தான், எவர்சில்வருக்கு அல்ல.

டப்பாவுக்குப் பாதகமும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. காலி டப்பாவும் நிறை டப்பாவும் வண்டியில் ஒரே இடத்தை அடைக்கும். முன்பு ஒரே நடையில் போன சரக்கு இப்போது போகவில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வெளியேறும். கூடுதலாக ஒரு நடை போனால் கவரில் மிச்சம் பிடித்தது புகையில் போய்விடும். அதனால் தினமும் எல்லா லைனுக்கும் பாதி வண்டி அனுப்புகிற பழக்கத்தை நிறுத்தி, லைனுக்கு வாரத்தில் இரண்டு நாள், முழு வண்டி என்று மாற்றினோம். நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற கடைகளுக்கு மட்டும்தான் டப்பா. அதற்கு அப்பால் போனால் கட்டாது. தேனிக்கும் கம்பத்துக்கும் இன்றைக்கும் பாக்கெட்தான் போகிறது.

எல்லா டப்பாவிலும் தயாரித்த தேதியும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் எழுதிய அட்டை கட்டப்படுகிறது. அது சட்டத்துக்காக.

மாஸ்டரின் மூக்கும் மீட்டரும்

கேள்வித்தாளில் 'பயன்படுத்திய எண்ணெயை என்ன செய்கிறீர்கள்' என்று ஒரு கேள்வி. அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் மேஜையைப் பார்த்தேன். கறுத்த எண்ணெய் பல காலமாகச் சைக்கிளில் வரும் ஒருவருக்கு விற்கப்பட்டுவந்தது. அது எங்கே போய் எந்த வடைச்சட்டியில் சேர்ந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஊகிக்க முடியாததும் அல்ல.

எண்ணெய் சூட்டில் உடைந்து உண்டாகும் கெட்ட சேர்மங்களை 'டி.பி.சி.' என்று அளப்பார்கள். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் பதிவேடு வைத்து, கழிவு எண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டுமே தர வேண்டும். அது பயோடீசலாகப் போகிறது. இதற்கான 'ரூகோ' திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது. எங்களுக்கு அது தெரிந்தது கேள்வித்தாள் வந்த பிறகு.

டி.பி.சி. அளக்கும் மீட்டர் வாங்கி வந்த அன்று சரக்கு மாஸ்டர் அதைத் தொடவில்லை. 30 வருடம் சட்டி முன்னால் நின்றவர். ஒரு கிள்ளு மாவைப் போட்டு, நுரை எழும்பும் விதத்தைப் பார்த்து, புகையைக் கொஞ்சம் முகர்ந்து, "இன்னும் ரெண்டு ஈடு தாங்கும். அப்புறம் மாத்தணும்" என்றார். மீட்டரை விட்டுப் பார்த்தோம், 23. இரண்டு ஈடு கழித்து விட்டபோது 24.5. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு எதற்கு மீட்டர் என்று அண்ணாச்சி கேட்டார். மாஸ்டர் ஊருக்குப் போகிற நாளுக்காக, மூக்கைப் பதிவேட்டில் எழுத முடியாது என்பதற்காக என்றேன்.

சங்கிலியில் காசு மிச்சமானதும் இந்தக் கண்ணியில்தான். எண்ணெயைக் கெடுப்பது பெரும்பாலும் சட்டியில் தங்கிக் கருகும் மாவுத்தூள். முன்பு வேலை முடிந்ததும் ஒருமுறை வடிகட்டுவார்கள். இப்போது மதியம் ஒன்று, மாலை ஒன்று. அரிகரண்டியால் தூளை அள்ளுவதற்கென்றே ஒரு பையன் நிற்கிறான். சேவு எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருப்பதால் புது எண்ணெய் ஊற்றிக்கொண்டே வருவோம். தூள் இல்லாவிட்டால் சட்டி எண்ணெய் கறுப்பதே அபூர்வமாகிவிடுகிறது. சைக்கிள்காரருக்கு இப்போது கொடுக்கவும் ஒன்றுமில்லை. பதிவேட்டோடு எடுத்துப் போகும் வண்டிக்கே மாதம் ஒரு கேன் தேறுவது கஷ்டம்.

காலி எண்ணெய் டின்னில் மறுபடி எண்ணெய் அடைப்பதற்குச் சட்டமே தடை. அது பழைய தகரக் கடைக்குத்தான் போகிறது.

அடுப்பு

இதில் நான் சொல்வதைப் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விறகை விட்டுவிட்டு கேஸுக்குப் போ என்று கேள்வித்தாள் ஜாடையாகச் சொன்னது. எங்களுக்கு வருவது சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேல விறகு. அதை வெட்டி ஒழிக்கச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவு போட்டது. வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம் அது. அதை விட்டு, பூமிக்கடியிலிருந்து எடுத்த கேஸை எரிப்பதுதான் பசுமை என்றால் எனக்குப் புரியவில்லை. ஆனால் புகை மாஸ்டரின் கண்ணில்தான் போகிறது, அதை மறுக்க முடியாது. பச்சை விறகில் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பில் ஒரு பங்கு போகிறது, புகையும் அதனால்தான். ஒரு தகரக் கொட்டகை போட்டு, விறகை மூன்று மாதம் காயவைத்து எரிக்கிறோம். புகைபோக்கியை உயர்த்திக் கட்டினோம். இதற்கு மேல் செய்யவில்லை.

சென்னைக்குப் போன பதில்

பதில் போனது. சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டுக்குப் பல அடுக்குக் கவருக்குப் பதில், ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கவருக்கு மாற முடியும், அதை மறுசுழற்சிக்காரர்கள் எடுப்பார்கள் என்று எழுதினோம். சிவகாசி அச்சகத்தில் விசாரித்ததில், ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி அச்சு சிலிண்டர் என்றும், எங்கள் கவரில் ஏழு வண்ணம் என்றும் தெரிந்தது. மூன்று வண்ணத்துக்கு இறங்கினால் சிலிண்டர் செலவு குறையும், புதுக் கவரின் விலை ஏற்றத்தில் பாதியை அதில் ஈடுகட்டலாம். மீதிப் பாதிக்கு பாக்கெட்டுக்குக் கொஞ்சம் விலை கூட்டிக் கேட்டோம்.

விலை கூட்ட முடியாது என்று பதில் வந்தது. அதே மின்னஞ்சலில் கீழே, உடையாமல் இருக்க முறுக்குப் பாக்கெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து அனுப்பவும் என்று இன்னொரு வரி. அண்ணாச்சி அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பசுமைப் பிரிவும் கொள்முதல் பிரிவும் அந்த நிறுவனத்தில் வேறு வேறு மாடியில் இருக்கின்றன போலும்.

அதற்கு எழுதிய பதிலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அவர்கள் காசு தருவது 75, 80 நாளில். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சிறு தொழில்களுக்கான 2006 சட்டமே சொல்கிறது. தராவிட்டால், தரும் வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2023-24 முதல் 43பி(எச்) பிரிவும் வந்துவிட்டது. விலையைக் கூட்ட வேண்டாம், 45 நாளில் தாருங்கள், வட்டியில் மிச்சமாவதைக் கவருக்குப் போடுகிறோம் என்று எழுதினோம். அது நடந்தது. புதுக் கவருக்கான காசு வந்தது தேதியிலிருந்து, விலையிலிருந்து அல்ல. அண்ணாச்சி முதலில் கேட்டாரே, அவர்கள் கணக்குக்கு நாம் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று, அதற்கு எனக்குக் கிடைத்த பாதிப் பதில் இது. பிளாஸ்டிக் தட்டுக்குப் பதில் அட்டைப்பெட்டிக்குள் முறுக்கைக் குத்துநிலையில் அடுக்கி அனுப்புகிறோம். உடைவது கொஞ்சம்தான். உடைந்தது மிக்சரில் சேர்கிறது.

இந்த வருடக் கேள்வித்தாளில் 71 கேள்விகள். திரும்பி வரும் டப்பாவைப் பற்றி எழுத இப்போதும் கட்டம் இல்லை, 'இதர' என்ற இடத்தில் எழுதினேன்.

போன வாரம் செக்கானூரணி லைன் வண்டி வந்து நின்றபோது கழுவுகிற அம்மா சத்தம் போட்டார். 118ஆம் எண் டப்பா கனமாக இருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒடித்துப் போட்ட முருங்கைக்காயும் ஒரு கட்டு மல்லித்தழையும். அந்த டீக்கடை அக்கா அனுப்பியிருக்கிறார். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாதாம். காலியாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே விதி என்று சேல்ஸ்மேன் தம்பி அவரிடம் சொல்லியிருக்கிறார். "அதெல்லாம் உங்க கம்பெனி விதி" என்றாராம். மல்லி வாடை போக அந்த டப்பாவை மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தோம். நோட்டில் '118: வாடை, நிறுத்தம்' என்று எழுதியிருக்கிறேன். முருங்கைக்காயை மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார்.